வியாழன் அரைநாளில் பலெர்மோ: மென்ஸாவில் பரிமாறி ஊரையும் பார்ப்பது எப்படி

நான் கரவெட்டிக்காரி. இத்தாலியில், சிசிலியின் பலெர்மோவில் ஒரு வயதான சின்யோராவைப் பராமரிக்கிற வேலை, வீட்டோட தங்கல். இந்த வேலையில் இருக்கிற ஆக்களுக்குக் கணக்குத் தெரியும்: ஒப்பந்தப்படி கிழமைக்கு 54 மணித்தியாலம் வேலை, 36 மணித்தியாலம் ஓய்வு. ஓய்வில் 24 மணித்தியாலம் ஞாயிறு. மிச்சம் 12 கிழமைக்குள்ள இன்னொரு நாள், அநேகமாக வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு. ஞாயிறு எங்கட சனம், கோயில், ஊருக்கு ஃபோன், உடுப்புத் தோய்ப்பு என்று போயிடும். நான் எழுதுறது அந்த வியாழனைப் பற்றி.

அந்த அரைநாளில் இல்லாதவைக்குச் சாப்பாடு போடுற இடத்தில் (இங்க மென்ஸா என்பினம்) நின்று வேலை செய்யலாம், அதே பயணத்தில் தொள்ளாயிரம் வருஷப் பழைய பலெர்மோவையும் பார்க்கலாம். இரண்டுக்கும் தனித்தனி நாள் தேடினால் இரண்டும் நடவாது. நான் செய்யிறது இதுதான்: எந்த இடத்தில் தொண்டுக்கு நிக்கிறனோ, அங்க இருந்து நடந்து போற தூரத்தில் இருக்கிறதை மட்டும் பார்க்கிறது. பஸ் பிடிச்சு ஊரின்ர மற்றத் தொங்கலுக்கு ஓடுறதில்லை. இந்த ஊரில் அது நல்லா ஒத்துவரும். இங்க வடிவான கட்டடம் என்று சொல்லிக் காட்டுறதில் கனக்க, ஒரு காலத்தில் தொழுநோயாளரைப் பார்த்த இடமாகவோ, ஏழைப் பிணங்களை அடக்கம் செய்த சபையின்ர மண்டபமாகவோ, ஆஸ்பத்திரியாகவோ இருந்தது.

எங்க சேருறது?

முதல் சொல்லவேண்டியது மிஸ்ஸியோனே தி ஸ்பெரான்ஸா எ கரித்தா, இல்லாதவைக்கு இடமும் சாப்பாடும் குடுக்கிற அமைப்பு. பியாஜ்ஜோ கோந்தே என்ற மனுசன் தொடங்கினது. வசதியான குடும்பத்தில் பிறந்து, எல்லாத்தையும் விட்டிட்டு, பலெர்மோ பெரிய ஸ்டேஷனில் படுத்துக் கிடந்த ஆக்களோட இருக்கத் தொடங்கினவர். குருவானவர் இல்லை, பச்சை அங்கியும் கையில் தடியுமாகத் திரிவார். 2023 ஜனவரி 12 அன்று காலமானார். அவற்ற முதல் வீடு ஸ்டேஷனுக்குக் கிட்ட வியா அர்க்கிராஃபியில். பிறகு வியா தெக்கொல்லாத்தியில் ஆம்பிளையளுக்கு ஒரு பெரிய இடம் வந்தது, பெண்களுக்கும் பிள்ளையளுக்கும் வேற வீடு. இது தவிர மறைமாவட்டக் கரித்தாஸ் இருக்கு, பங்குக் கோயில்களின் சின்னச் சின்ன மென்ஸாக்கள் இருக்கு. மென்ஸா என்றால் எங்கட கணக்கில் அன்னதான மடம். சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று கும்பிட்டு வளர்ந்த வடமராட்சி ஆக்களுக்கு இதில விளங்கப்படுத்த ஒண்டுமில்லை.

நேர போய்க் கதவைத் தட்டிக் கேளுங்கோ, ஃபோனில் கேக்கிறதை விட அது சுகம். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் போகாதேங்கோ. ஆருக்கும் உங்களோட கதைக்க நேரம் இருக்காது. காலமை பத்து மணி நல்ல நேரம். "வியாழக்கிழமையில் வருவன், இத்தனை மணி மட்டும் நிப்பன்" என்று திட்டமாகச் சொல்லுங்கோ. "நேரம் கிடைச்சால் வாறன்" என்றவரை ஒருத்தரும் நம்பி அடுப்பில் உலை வைக்கேலாது.

என்ன கடுதாசி வேணும் என்று பலர் பயப்பிடுகினம். கோதிச்சே ஃபிஸ்காலே (வரி இலக்கம்), அடையாள அட்டை, பெர்மெஸ்ஸோ (தங்கிற அனுமதி), அவ்வளவுதான். பதிவு செய்த அமைப்பென்றால் தொண்டருக்குக் காப்புறுதி போடவேண்டியது சட்டம். 2017இல் வந்த சட்டத்தொகுப்பில் இருக்கு. உங்களுக்குப் போட்டிருக்கோ என்று கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ. கொதிக்கிற தண்ணியோட நிக்கிற இடம். சமையலறைக்குள்ள வேலை என்றால் உணவுச் சுகாதாரப் பயிற்சிச் சான்று கேப்பினம். அது இல்லாட்டி பரிமாறுறது, மேசை துடைக்கிறது, உடுப்புப் பிரிக்கிறது என்று வேலை இருக்கு. ஒண்டை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுறன்: இது வேலைக் கணக்கில் வராது. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க இந்த மணித்தியாலங்கள் உதவாது. அப்பிடி ஆரும் உங்களுக்குச் சொல்லிக் காசு கேட்டால் அங்க நிக்காதேங்கோ.

தொடங்கிறதுக்கு நல்ல மாதம் ஓகஸ்ட். பலெர்மோக்காரர் எல்லாரும் கடலுக்குப் போயிடுவினம். மென்ஸாவில் ஆள் தட்டுப்பாடு. நத்தாருக்கு மறுவளம், ஆளுக்கு மேல ஆள் வந்து நிக்கும். ஓகஸ்டில் போனவரைத்தான் ஞாபகம் வைச்சிருப்பினம்.

முழுக்க ஒப்புக்கொள்ள மனமில்லாட்டி நவம்பரில் ஒரு சனிக்கிழமை கொல்லெத்தா அலிமெந்தாரே நடக்கும். 1997இல் இருந்து இத்தாலி முழுக்க நடக்கிறது. சுப்பர்மார்க்கட் வாசலில் நின்று, வாற சனத்திட்ட ஒரு பையைக் குடுத்து, அவை வாங்கித் தாற பாஸ்தா, தகர மீன், குழந்தைச் சாப்பாடு எல்லாத்தையும் பெட்டியில் அடுக்கிறது. அரைநாள் வேலை. உங்கட இத்தாலியன் எவ்வளவு தூரம் ஓடும் என்று அண்டைக்கே தெரிஞ்சிடும்.

உள்ள போனால்

நான் சைவக்காரி. இதைப் பலர் கேக்கிறதாலதான் சொல்லுறன். பொட்டோட போனால் ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம். சாப்பாட்டுக்கு முன்னம் செபம் சொல்லுவினம். எழும்பி அமைதியாக நின்றால் போதும். பூசைக்குக் கூப்பிட்டால் போய்ப் பின்வாங்கில் இருக்கலாம், ஆனால் நற்கருணைக்கு வரிசையில் நிக்கக்கூடாது. அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கருக்கு மட்டும். மடுமாதா கோயிலுக்குப் போய்வந்த ஆக்களுக்கு இது பழகின விஷயம்.

மச்சம் தொடாத ஆக்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கோ. பாண் வெட்டுறது, பழம் குடுக்கிறது, உடுப்பு அறை என்று மாத்தி விடுவினம். இறைச்சிச் சட்டிக்கு முன்னால நின்று முகத்தைச் சுளிச்சால் சாப்பிட வந்தவருக்குத்தான் அது படும். வாறவையில் முஸ்லிம்கள் கனபேர்: துனீசியா, பங்களாதேஷ், காம்பியா ஆக்கள். பண்டி இறைச்சி எந்தச் சட்டியில் என்று முன்னமே கேட்டு வைச்சுக்கொண்டு, அவை கேக்க முதல் நீங்களே சொல்லுங்கோ.

சாப்பிட வாறவரோட "லேய்" (நீங்கள்) போட்டுக் கதையுங்கோ, "தூ" (நீ) வேண்டாம். வெளிநாட்டாரை, அதுவும் இல்லாதவரை, இந்த ஊர் எடுத்தவுடன் ஒருமையில் கூப்பிடும், எங்களையும் கூப்பிட்டதுதானே. எந்த ஊர், எப்பிடி வந்தனீங்கள், எத்தனை பிள்ளையள் என்ற எங்கட வழக்கமான விசாரணையை வாசலுக்கு வெளியில விட்டிட்டுப் போங்கோ. படம் எடுக்கிறது அறவே வேண்டாம். கரண்டியோட உங்களைத் தனிய எடுத்தாலும் பின்னால ஆரோ ஒருத்தர் விழுவார், அந்தப் படத்தை அவற்ற மனுசி காம்பியாவில் இருந்து பார்க்கக்கூடும்.

சோறும் பருப்பும் காய்ச்சிக் குடுப்பம் என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. சிசிலிக் கிழவன் ஒருத்தர் மத்தியானம் பாஸ்தா இல்லாத மேசையைப் பார்த்தால் அண்டைக்குச் சாப்பாடே இல்லையெண்டுதான் நினைப்பார். பாஸ்தாவையே காய்ச்சுங்கோ.

நடைகள்

ஒரு விஷயத்தை முதலில் பிடியுங்கோ: இங்க கோயில்கள் கனக்க மத்தியானம் பூட்டி, நாலு மணிக்குத்தான் திரும்பத் திறக்கும். மென்ஸா முடிஞ்சு, மேசை துடைச்சு வெளியில வர இரண்டு, இரண்டரை. இடையில இருக்கிற நேரத்தை ஒழுங்குபடுத்தாட்டி வெய்யிலில் பூட்டின கதவுகளைப் பார்த்துக்கொண்டு திரிவியள்.

வியா அர்க்கிராஃபிப் பக்கம் நிண்டால் அந்த இடைநேரத்துக்குத் தாவரவியல் தோட்டம் பக்கத்திலேயே இருக்கு. 1795இல் திறந்தது. 1845இல் நட்ட ஒரு ஆல் இனத்து மரம் உள்ள நிக்குது. விழுது விட்டு விட்டு, ஒரு வளவு அளவுக்குப் பரந்துபோச்சு. ஒஸ்திரேலியப் பக்கத்து மரம் என்று பலகை சொல்லும். எனக்கு அது பிள்ளையார் கோயில் ஆலமரத்தின்ர ஒண்டுவிட்ட சகோதரம். அதுக்குக் கீழ இருந்து கால் ஆறி, நாலு மணிக்கு எழும்பி, பழைய ஊரின்ர ஒரு பகுதியான கல்ஸா பக்கம் நடவுங்கோ.

கல்ஸாவில் பலாஸ்ஸோ அபத்தெல்லிஸ் அருங்காட்சியகம். பெரிய சுவர் ஓவியம் ஒண்டு, "சாவின் வெற்றி" என்று பேர். 15ஆம் நூற்றாண்டு, கீறினது ஆர் என்று தெரியாது. எலும்புக் குதிரையில் எலும்புக்கூடு ஏறி அம்பு விட்டுக்கொண்டு போகுது. அம்பு பட்டு விழுகிறவை பாப்பரசர், ஆயர், பட்டுடுத்த பெண்டுகள். இடப்பக்கம் ஏழைகள், ஊன்றுகோல்காரர் கையெடுத்துக் கும்பிட்டு "எங்களைக் கொண்டுபோ" என்று நிக்கினம். சாவு அவையைத் திரும்பியும் பாராமல் தாண்டிப் போகுது. இது முதல் இருந்த இடம் பலாஸ்ஸோ ஸ்க்ளாஃபானி என்ற மாளிகையின் முற்றம். அந்த மாளிகை அப்ப ஊரின்ர பெரிய ஆஸ்பத்திரி. நோயாளிகள் ஒவ்வொரு நாளும் பார்த்துக் கிடந்த சுவர் அது. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து கட்டடம் சேதப்பட்ட பிறகு, நாலு துண்டாகக் கழட்டி இங்க கொண்டுவந்தவை. மத்தியானம் மென்ஸா வரிசையைப் பார்த்திட்டு வந்து இந்த இடப்பக்கத்தைப் பாருங்கோ. வேற எந்த நாளிலும் இப்பிடிப் படாது. மாதத்தின் முதல் ஞாயிறில் அரச அருங்காட்சியகங்களுக்கு ரிக்கற் இல்லை. காசு பார்க்கிற ஆக்கள் அண்டைக்குக் காலமையே போங்கோ.

அங்க இருந்து கொஞ்சத் தூரத்தில் சான் லொரென்ஸோ ஒராத்தோரியோ, ஒரு சபையின்ர செப மண்டபம். கரவாஜ்ஜோ கீறின இயேசு பிறப்புப் படம் இங்கதான் பீடத்துக்கு மேல இருந்தது. 1969 ஒக்டோபரில் ஒரு இரவு கள்ளர் சட்டத்தில் இருந்து வெட்டி எடுத்துக்கொண்டு போனவை, இண்டைக்கு மட்டும் கிடைக்கேல்லை. இப்ப இருக்கிறது பிரதி. எல்லாரும் அந்தக் களவுக் கதைக்காகத்தான் வருகினம். நீங்கள் சுவரைப் பாருங்கோ. ஜாக்கொமோ செர்பொத்தா என்ற பலெர்மோ ஆள் சுண்ணச்சாந்தில் செய்த வெள்ளைச் சிலைகள்: பிள்ளையளோட நிக்கிற அன்பு, பிச்சையிடுதல், விருந்தோம்பல், ஒவ்வொண்டும் ஒரு பெண்ணாக. இந்த மண்டபத்துக்குச் சொந்தக்காரராக இருந்த சபை, கல்ஸாவில் செத்துப்போன ஏழைகளை அடக்கம் செய்த சபை. ஒராத்தோரியோ என்று பலெர்மோவில் கனக்க இருக்கு. அநேகமானது இப்பிடிக் குருமார் அல்லாத ஆக்கள் கூடின சபைகள் கட்டினது. வேலையை முடிச்சிட்டு வந்து செபம் பண்ண ஒரு வடிவான அறை வேணும் என்று அவைக்கும் இருந்திருக்கு.

தெக்கொல்லாத்திப் பக்கம் நிக்கிற ஆக்களுக்கு வேற நடை. முதலில் போந்தே தெல் அம்மிராலியோ. 12ஆம் நூற்றாண்டுப் பாலம், சிசிலியை ஆண்ட நோர்மன் அரசன் இரண்டாம் ருஜ்ஜேரோவின் கடற்படைத் தளபதி அந்தியோக்கியா ஜோர்ஜ் கட்டுவிச்சது. கீழ ஆறு இல்லை, புல்தான். ஒரேத்தோ ஆற்றைத் திருப்பி விட்டிட்டினம். 1860 மே 27 அன்று, இத்தாலியை ஒண்டாக்கச் சண்டை பிடிச்ச கரிபால்டியின் ஆக்கள் ஊருக்குள்ள நுழையச் சண்டை பிடிச்சது இதிலதான். 2015இல் யுனெஸ்கோ அரபு-நோர்மன் பலெர்மோ என்று சேர்த்த பட்டியலில் இந்தப் பாலமும் இருக்கு. சுற்றுலாச் சனம் அங்க ஒண்டும் வாறதில்லை. அது எனக்குச் சரி. இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போனால் சான் ஜொவான்னி தெய் லெப்ரோஸி: சிவப்புக் குமிழ்க் கூரை, பேரீச்ச மரங்கள், சின்ன நோர்மன் கோயில். பேரே தொழுநோயாளரின் கோயில். ஆஸ்பத்திரி அதோட ஒட்டி இருந்தது. தங்கமும் மொசைக்கும் கிடையாது. ஊரில் எனக்கு ஆகலும் பிடிச்ச கோயில் இது.

அதே திசையில் இன்னும் போனால் பிராங்காச்சோ. இங்க தொன் பீனோ புலீஸி பங்குக் குருவாக இருந்தவர். மாஃபியாவிட்ட இருந்து பெடியளைப் பிரிச்செடுக்க என்று பாத்ரே நோஸ்த்ரோ நிலையத்தைத் தொடங்கினவர். 1993 செப்டெம்பர் 15, அவற்ற 56ஆவது பிறந்தநாள், வீட்டு வாசலில் வைச்சுச் சுட்டவை. 2013இல் அருளாளர் பட்டம். கல்லறை கதீட்ரலில், வாழ்ந்த வீடு இப்ப காட்சியகம். சின்ன வீடு, புத்தகம் நிறைய. இத்தாலியனில் எழுதப் படிக்கத் தெரிஞ்ச எங்கட இரண்டாம் தலைமுறைப் பிள்ளையளுக்கு ஒரு சொல்: சாப்பாடு பரிமாற ஆள் கிடைக்கும், பின்னேரத்தில் சின்னப் பிள்ளையளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்குடுக்க ஆள் கிடையாது. பங்குகளில் தொப்போஸ்குவோலா என்று கேளுங்கோ.

கப்பெல்லா பலாத்தீனாவைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருக்கு, நான் கனக்கச் சொல்லேல்லை. 1140இல் அபிஷேகம் செய்த அரண்மனைக் கோயில்; மேல அரபுத் தச்சர் செய்த மரக்கூரை, சுவரில் கிரேக்க மொசைக், அந்தக் காலத்தில் பூசை லத்தீனில். அரண்மனையில் சிசிலிச் சட்டசபை நடக்கிறதால வியாழனில் அரச அறைகள் பூட்டு. ஞாயிறு காலமை பூசை நேரத்தில் சுற்றுலாக்காரரை விடமாட்டினம். எங்கட லீவு நாள் இரண்டும் அதுக்கு மோசம். சின்யோராவின்ர மகள் வந்து நிக்கிற சனிக்கிழமை ஏதும் கிடைச்சால் பாருங்கோ.

குசினி வேலை செய்யிறவைக்கு ஒரு புனிதர் இருக்கிறார்: சான் பெனெதெத்தோ இல் மோரோ. ஆபிரிக்காவில் இருந்து அடிமையாகக் கொண்டுவந்த தாய்தகப்பனுக்குச் சிசிலியில் பிறந்தவர். பலெர்மோவில் சாந்தா மரியா தி ஜேசு மடத்தில் சமையல்காரர். எழுத வாசிக்கத் தெரியாது. மடத்துக்குத் தலைவராக்கினவை, காலம் முடிய திரும்பக் குசினிக்கே போனார். 1589இல் இறந்தார், 1807இல் புனிதர் பட்டம், ரொசாலியாவோட சேர்த்து ஊருக்கு இணைப் பாதுகாவலர். 2023 யூலைக் காட்டுத்தீயில் அந்தக் கோயிலும் அவற்ற உடலும் எரிஞ்சுபோச்சு. மென்ஸாவில் ஒரு ஆபிரிக்கப் பெடியனோட கதை தொடங்க வேணுமெண்டால் இவரைப் பற்றிச் சொல்லுங்கோ. இந்த ஊருக்குக் கறுப்புப் புனிதர் இருக்கிறார் என்று கனபேருக்குத் தெரியாது.

மலையும் மற்ற நாட்களும்

சாந்தா ரொசாலியாவைப் பற்றி எங்கட ஆக்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. 1624இல் கொள்ளைநோய் வந்த நேரம் மொந்தே பெல்லெக்ரினோக் குகையில் அவவின்ர எலும்புகளைக் கண்டெடுத்து, அடுத்த வருஷம் ஊர்வலமாகக் கொண்டுபோக நோய் நிண்டது என்பது ஊரின்ர நம்பிக்கை. குகைக்குள்ள கூரையில் இருந்து சொட்டுற தண்ணியைத் தகரப் பீலியில் பிடிக்கினம். சைவம், வேதம் எண்டில்லாமல் தமிழ்ச்சனம் ஞாயிறுகளில் வெறுங்காலோட ஏறுறதைப் பலெர்மோக்காரர் பார்த்துப் பார்த்துப் பழகிட்டினம். செப்டெம்பர் 3 இரவு அக்கியானாத்தா: ஜெனராலே காஷ்ஷீனோ சதுக்கத்தில் இருந்து பழைய கல்பாதையால் ஊரே ஏறும். அண்டைக்குத் தனிய ஏறாதேங்கோ. உங்கட தெருவில் ஏற ஆசைப்பட்டு ஏலாமல் இருக்கிற கிழவி ஒருத்தி கட்டாயம் இருப்பா. பாதையில் அவவோட மெதுவாகப் போக ஒரு ஆள், தண்ணியும் டோர்ச்சும் தூக்க ஒரு ஆள். பாதைக் கல் தேய்ஞ்சு வழுக்கும், செருப்பு உதவாது. யூலை 14 இரவு ஃபெஸ்தீனோ, ரொசாலியாவின்ர ஊர்த் திருவிழா, வேற மாதிரி: தேர், வெடி, நத்தை, வத்தகப்பழம். அண்டைக்குத் தொண்டு வேலையை மறந்து வடிவாக நின்று பாருங்கோ.

டிசெம்பர் 13 சாந்தா லூச்சியா. பஞ்சத்தில் கோதுமைக் கப்பல் வந்த நினைவுக்கு அண்டைக்குப் பலெர்மோவில் பாணும் பாஸ்தாவும் தொடாயினம். சோற்றை உருட்டிப் பொரிச்ச அரன்சீனாவும் அவிச்ச கோதுமையில் செய்த குச்சீயாவும்தான். அண்டைய மென்ஸாவுக்குக் கையுதவி கேட்டால் போங்கோ, ஆயிரம் அரன்சீனா உருட்ட ஆள் வேணும். உழுந்து வடை தட்டின கைக்கு அது பெரிய வேலையில்லை.

மார்ச் 19 சான் ஜுசெப்பே. அண்டைக்கு இல்லாதவைக்கு மேசை போடுறது சிசிலி முழுக்க வழக்கம். பங்குகளில் சமைக்க ஆள் தேடுவினம். திராப்பானிப் பக்கத்தில் சலேமி என்ற ஊரில் பாணாலேயே பீடம் சோடிப்பினம்: பூ, மயில், ஏணி, சூரியன் எல்லாம் சுட்ட பாண், இடையில தோடம்பழமும் எலுமிச்சையும். திருக்குடும்பமாக வேஷம் போட்ட மூண்டு பிள்ளையளுக்குத்தான் முதல் சாப்பாடு. பீடத்தைத் தொடவேண்டாம், கேட்டால் சின்னப் பாண் ஒண்டு கையில் தருவினம். மார்ச் 19 அரச விடுமுறை இல்லை. ஆனபடியால் சின்யோராவோட மாதத் தொடக்கத்திலேயே கதைச்சு, அந்தக் கிழமை வியாழனை அந்த நாளுக்கு மாத்தி எழுதி வாங்கிவையுங்கோ.